கயிற்றின் அந்த முனை

"கயிறு இன்னும் நேராகல, அண்ணே. மெதுவா. இன்னும் மெதுவா," என்றது பெனிட்டாவின் குரல், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. தேசிங்கு கியர் கோலைப் பிடித்துக்கூட இருக்கவில்லை, உள்ளங்கை ஓரத்தால் லேசாக முட்டுக்கொடுத்து வைத்திருந்தான், தூங்கப்போகிற பிள்ளையின் தூளியைத் தொடுகிற மாதிரி. படகு நகர்கிறதா நிற்கிறதா என்று படகுக்கே தெரியாத நகர்வு அது. முன்னால் உப்பங்கழி வெயிலில் தகரமாகப் பளபளத்தது. அந்தக் கண்கூச்சத்துக்கு அப்பால் நெடுஞ்சாலைப் பாலம், அதன் மேல் பஸ்ஸும் லாரியும், கீழே சிப்பி அப்பிய தூண்கள், தூண்களைத் தாண்டினால் முகத்துவாரம், கடல். முன்னால் இருப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பின்னால் இருப்பதுதான் தெரியாது. பின்னால், கயிறு முடிகிற இடத்தில், இரண்டு காலையும் ஒரு பலகையில் பூட்டிக்கொண்டு, கைப்பிடியை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் அவன் மகள் சஸ்மிதா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓட்டுகிறவன் முன்னால் பார்க்கணும், பின்னால் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் உட்காரணும், அந்த ஆள் வாயால் சொல்வதுதான் ஓட்டுகிறவனுக்குக் கண். படகின் பின்னால் பலகையில் நின்று சறுக்கச் சொல்லிக்கொடுக்கிற இந்த வேக்போர்டு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொன்னது இது. அவனும் ஊர்பேர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இந்தத் தண்ணீரில் சுற்றியிருக்கிறான், யாருக்காகவும் பிடரி இப்படிக் குறுகுறுத்ததில்லை. பிடரியில் எறும்பு ஊர்கிறது. எறும்பில்லை, வியர்வை. பின்னால் பார்க்கக் கண்ணாடி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் அதன் காம்பு லூசாகி, இன்ஜின் ஓடினால் வெடவெடவென்று ஆடும். ஆடுகிற கண்ணாடிக்குள் தண்ணீர், வானம், ஒரு சிவப்பு, மறுபடி தண்ணீர். சிவப்பு என்றால் ஹெல்மெட். சிவப்பு தெரிந்தால் பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம். சிவப்பு தெரியாவிட்டால் கண்ணாடி ஆடுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை.

சற்று முன்னால், முதல் தடவை, அவள் விழுந்தாள். விழுவதில் ஒன்றும் பயமில்லை, எல்லாப் பிள்ளையும் விழும், விழாமல் எழுந்த பிள்ளையை அவன் பார்த்ததே இல்லை, பாதிப் பிள்ளைகள் விழுந்துவிட்டுச் சிரிக்கும், மீதிப் பாதி மூக்கில் தண்ணீர் ஏறி அழும், இரண்டும் கரையேறினதும் ஐஸ்கிரீம் கேட்கும். ஆனால் விழுந்தவள் கயிற்றை விடவில்லை. "நிறுத்துங்க அண்ணே, விடல, பிள்ள விடல," என்று பெனிட்டா சொன்னபோது அவன் கோலை இழுத்துவிட்டான், உடனேதான் இழுத்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனாலும் கோலை இழுப்பதற்கும் படகு அடங்குவதற்கும் நடுவே படகு போன தூரம் முழுக்க அவள் முகம் தண்ணீரை உழுதுகொண்டு வந்திருக்கிறது. அதை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தூரத்துக்கு ஒரு அளவு இருந்திருக்கும், இத்தனை கைநீளம், இத்தனை மூச்சு என்று. பார்க்காததால் அது வளர்ந்துகொண்டே போகிறது, இப்போதுகூட, இந்தக் கயிறு நேராகிற நேரத்தில்கூட, அவனுக்குள் எங்கேயோ அவள் இன்னும் இழுபட்டுக்கொண்டேதான் வருகிறாள். படகைத் திருப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "ஒண்ணுமில்லப்பா," என்றாள் அவன் கேட்பதற்கு முன்னாலேயே. பெனிட்டா படகு ஓரத்தில் குனிந்து, "ஏட்டி, கரையில அம்புட்டு அழகா விட்டியே, தண்ணியில என்ன கையில பசையா தடவி வச்சிருந்த?" என்றாள். "தெரியலக்கா," என்றாள் சஸ்மிதா, தன் உள்ளங்கையை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு, "கை வுட மாட்டேங்குது." பெனிட்டா சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். அவனுக்குத் தெரியும், அந்தக் கை ஏன் விடவில்லை என்று.

கரையில் நன்றாகத்தான் செய்தாள். பெனிட்டா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், நீச்சல் போட்டிகளுக்கெல்லாம் போனவள், பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கவே தமாஷாக இருக்கும். பலகையை மணலில் போட்டு, பிள்ளையை அதன் மேல் ஏற்றி, "குத்தவச்சு உக்காரு, முட்டி ரெண்டும் நெஞ்சுல முட்டணும், கை நீட்டியே இருக்கணும், நீ எழுந்திருக்காத, படகு உன்ன எழுப்பும்," என்பாள். டவுன் பிள்ளைகளுக்கு முதலில் குத்தவைக்கவே வராது, பின்னால் சாய்ந்து மணலில் பொத்தென்று விழும், "வீட்டுல நாற்காலிக் கக்கூஸா?" என்று அவள் கேட்டால் அப்பா அம்மாக்களுக்கே சிரிப்பு வந்துவிடும். சஸ்மிதா மீன்கூடைகளுக்கு நடுவே குத்தவைத்தே வளர்ந்தவள், அது அவளுக்குப் பாடமே இல்லை. அப்புறம் பெனிட்டா கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுப்பாள், இழுத்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று "விடு" என்பாள், பிள்ளை கைப்பிடியைப் போட்டுவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. விழுகிறோமா என்று பார்க்கக் கூடாது. விழுந்தால் விடு, விழப்போனால் விடு, சந்தேகம் வந்தால் விடு. கரையில் சொல்லச் சொல்ல விட்டாள், சிரித்துக்கொண்டே விட்டாள். ஆனால் கரையில் விடுவது விளையாட்டு. தண்ணீரில் அந்தக் கைக்கு வேறு பாடம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. கரையில் நின்று ஊரே சேர்ந்து பெரியவலை இழுக்கும்போது நாலு வயசில் வந்து கயிற்றின் வால் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவள் இழுத்தா வலை வரப்போகிறது, இருந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், அலை வலையை உள்ளே வாங்கும்போது இழுக்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே குரலாக, வுடாத, வுடாத, வுடாத. அந்த நேரத்தில் ஒருத்தன் கை தளர்ந்தால் முன்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் கவிழ்வார்கள், தளர்ந்தவனுக்கு அப்புறம் ஒரு வருஷம் ஊரில் அதுதான் பெயர். அப்புறம் அவனே. அவன் வாயாலேயே. கட்டுமரத்தில் முதல் தடவை ஏற்றிக்கொண்டு போனபோது கயிற்றை அவள் கையில் சுற்றிக் கொடுத்து, பாப்பா, இன்னா ஆனாலும் சரி, கவுந்தாலும் சரி, கயித்த மட்டும் வுட்டுடாத, அப்பா வந்து புடிச்சுக்குவேன். இன்னா ஆனாலும் சரி. அவள் தலையாட்டின வேகம் ஞாபகம் இருக்கிறது. காதில் போட்ட சொல்லை எடுத்துவிடலாம். கையில் போட்டதை எப்படி எடுப்பது, எந்த வழியாக எடுப்பது.

"நேராயிட்டு, அண்ணே. நிறுத்தி வைங்க. அவ சொல்லட்டும்." இதுவும் ஒரு விதி. ரெடியா என்று நாம் கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளைகள் பயத்திலேயே சரி என்றுவிடும், கரையில் நிற்கிற அப்பாவுக்காக ஒரு சரி, படகில் இருக்கிற அக்காவுக்காக ஒரு சரி. அதுவாகப் "போ" என்று சொல்கிற வரைக்கும் படகு காத்துக் கிடக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆனாலும். அவன் காத்துக் கிடந்தான். இன்ஜின் கீழே முனகிக்கொண்டிருந்தது. காலையில் அது சட்டென்று பிடிக்கவில்லை, சாவியைத் திரும்பத் திரும்பத் திருகின பிறகுதான் இருமிக்கொண்டு உயிர் வந்தது, அதை அவன் பெனிட்டாவிடம் சொல்லவில்லை, பெட்ரோல் கொஞ்சம் ஈரமாக இருக்கும், சூடானால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்போது சொல்லலாம். பெனிட்டா, இன்ஜின்ல ஒரு சத்தம் கேக்குது, கரைக்குப் போயிடலாம், பாப்பாவ இன்னொரு நாள் பாத்துக்கலாம். வாய்வரைக்கும் வந்து நிற்கிற பொய், பொய்கூட இல்லை, முக்கால் உண்மை. சொல்லிவிட்டால் இந்தப் பிடரிக் குறுகுறுப்பு நின்றுவிடும். ஆனால் அவள் முகம். இத்தனை மாதமாக வாடிக்கையாளர் வராத நாளாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் நீ நிக்க வக்கிற, என்ன மட்டும் கரையில உக்கார வச்சிருக்க. சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னதும், அவன் மனைவி மேகலா அவனைப் பார்க்காமல் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, அதுக்கு இன்னா பதில் சொல்லப் போற, என்றதும். அதற்கப்புறம்தான் சரி என்றான். இன்றைக்குக் காலையில் பெனிட்டா கேட்டாள், "அண்ணே, நீங்க பின்னால உக்காருங்க, நான் ஓட்டுறேன். சொந்தப் பிள்ளைக்கு ஓட்டுறது சங்கடம்." அவளும் ஓட்டுவாள், லைசென்ஸ் இருக்கிறது. அவன்தான், என் பொண்ணுக்கு நான் ஓட்டாம வேற யார் ஓட்டுறது என்று பெரிய மனுஷன் மாதிரி போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த இருக்கையிலிருந்து பின்னால் பார்க்க முடியாது என்பது தனக்கு இதுவரைக்கும் உறைக்கவே இல்லை என்று.

அவர்கள் ஊரில் ஒரு கதை உண்டு. ஆற்று வாயில் நின்ற அம்மன் வலைக்காரன் ஒருத்தனிடம், நீ முன்னே நட, நான் பின்னே வருகிறேன், என் கொலுசுச் சத்தம் உனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், திரும்பி மட்டும் பார்க்காதே என்றாளாம். அவனும் நடந்தானாம். பாறையில் நடந்தபோது கேட்டது, சேற்றில் நடந்தபோது கேட்டது, மணல் வந்ததும் கொலுசு மணலில் புதைந்து சத்தம் நின்றுபோச்சாம். நின்றதும் அவனுக்கு நெஞ்சு நின்றுபோய்த் திரும்பிவிட்டானாம், அங்கேயே அவள் கல்லாகிவிட்டாளாம். சின்ன வயசில் இதைக் கேட்கிறபோதெல்லாம் தேசிங்குவுக்கு அந்த ஆள் மேல்தான் பரிதாபம் வரும். சத்தம் நின்றுபோனால் பாவம் அவன் என்ன செய்வான். அவனுக்காவது சத்தம் என்று ஒன்று இருந்தது. இங்கே இன்ஜின் சத்தத்தில் பிள்ளை கூப்பிட்டால்கூடக் கேட்காது, நடுவில் ஒரு பெண்ணின் குரல்தான். அந்தக் குரலும் இப்போது சும்மா இருக்கிறது. ஏன் சும்மா இருக்கிறது. "பாப்பா ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டான், முன்னால் பார்த்தபடியே. "இல்லண்ணே. மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கா. இருக்கட்டும்." தண்ணீர் கடலைப் பார்த்து இறங்க ஆரம்பித்திருந்தது, பாலத்துத் தூண்களைச் சுற்றி லேசாகச் சுருக்கம் விழுவது இங்கிருந்தே தெரிந்தது. மேல்காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. எல்லாமே அந்தப் பக்கம்தான் போகிறது. அவள் போ என்று சொல்லாமலே இருந்துவிட்டால். அக்கா, குளுருது, நான் வரல என்று சொல்லிவிட்டால். சொல்லு பாப்பா. அதைச் சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லு, யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அப்பா பஜ்ஜி வாங்கித் தரேன்.

"போ," என்று கேட்டது. இன்ஜினையும் தாண்டிக் கேட்டது, மெல்லிசாக, தண்ணீரில் நனைந்த குரலாக. பெனிட்டா அதைத் திருப்பிச் சொல்வதற்குள் அவன் கை கோலைத் தள்ளிவிட்டது, பழகின கை, பதறாத கை, அதற்கு மகளும் தெரியாது மனைவியும் தெரியாது. படகு மூக்கைத் தூக்கியது. பின்னாலிருந்து பாரம் வந்தது, கயிறு வழியாக, கயிறு கட்டிய கம்பம் வழியாக, படகின் அடிப்பலகை வழியாக அவன் இடுப்புக்கு. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முதலில் இப்படித்தான், தண்ணீர் நிறைந்த குடத்தை இழுக்கிற மாதிரி கனக்கும், பலகை தண்ணீருக்கு அடியில் இருக்கிற வரைக்கும் கனக்கும். பிள்ளை மேலே வந்துவிட்டால் பாரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். "குத்தவச்சிருக்கா... நல்லா குத்தவச்சிருக்கா... அவசரப்படாதட்டி, இரு, இரு..." பெனிட்டா யாரிடம் சொல்கிறாள், அவளிடமா, அவனிடமா. கனக்கிறது. இன்னும் கனக்கிறது. அப்புறம் இடுப்பிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "எழுந்துட்டா, அண்ணே. நிக்கிறா. கோணலா நிக்கிறா, ஆனா நிக்கிறா." சந்தோஷம் என்று ஒன்று வந்ததுதான், வந்த வேகத்திலேயே வேறு ஒன்றாக மாறிவிட்டது. உட்கார்ந்திருந்தவள் விழ முடியாது. நிற்கிறவள்தான் விழ முடியும். எவ்வளவு நேரம் நிற்கிறாளோ அவ்வளவு தைரியம் வரும், தைரியம் வர வரக் கை இறுகும், இறுகின கை விழும்போது விடாது. கண்ணாடியில் தண்ணீர், வானம், சிவப்பு, வானம். வேகம் சைக்கிள் வேகம்தான், இதைவிடக் குறைத்தால் அவள் மூழ்குவாள், கூட்டினால், கூட்டவே கூடாது. முன்னால் பாலம் பெரிதாகிக்கொண்டு வந்தது. திருப்ப வேண்டும், அகலமாக, தாளித்த எண்ணெயை வாணலியில் சுழற்றுகிற மாதிரி மெதுவாக, சட்டென்று திருப்பினால் கயிறு தொய்ந்து மறுபடி விறைக்கும்போது சுண்டும், அந்தச் சுண்டலில்தான் பிள்ளைகள் போகும். இடது பக்கம் மணல்திட்டு, தண்ணீர் அங்கே டீ நிறம். வலது பக்கம்தான். "திருப்புறேன்," என்றான். "ம், திருப்புங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்." அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் திருப்பினான்.

கயிறு தொய்ந்தது, அது இடுப்பில் தெரிந்தது, விறைத்தது, அதுவும் தெரிந்தது. அப்புறம் பாரம். முதலில் வந்த அதே பாரம், தண்ணீர்க் குடத்தின் பாரம். "விழுந்துட்டா," என்ற சொல் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே உடம்புக்குத் தெரிந்துவிட்டது, கோல் கீழே வந்துவிட்டது, ஆனால் பாரம் போகவில்லை. விட்டிருந்தால் போயிருக்கும். விட்டிருந்தால் படகு துள்ளியிருக்கும், கட்டவிழ்த்த கன்று மாதிரி. துள்ளவில்லை. விடவில்லை. முகம் தண்ணீரில் உழுதுகொண்டு வருகிறது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இன்னா ஆனாலும் சரி என்று தலையாட்டிக்கொண்டு, அப்பா வந்து புடிச்சுக்குவேன் என்று அப்பன் சொன்னதை நம்பிக்கொண்டு வருகிறாள், அந்த அப்பன் இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வுடு. யாரோ கத்தினார்கள். வுடு, வுடு பாப்பா, கயித்த வுடு. தொண்டை எரிந்தபோதுதான் அது தான் என்று தெரிந்தது. அவளிடம் அவன் இந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை, பல்லியைப் பிடித்தபோதுகூட, பூனையின் வாலைப் பிடித்தபோதுகூட அவள் அம்மாதான் சொன்னாள், அவன் சொன்னதில்லை. திரும்பிவிட்டானா. இல்லை, கழுத்து பாதிவரைக்கும் வந்து நின்றுவிட்டது, எலும்பு பூட்டிக்கொண்ட மாதிரி, ஓரக்கண்ணில் வெள்ளையாக நுரை மட்டும். படகு அடங்கியது. தன் அலையே தன்னை வந்து தூக்கிப்போட, படகு மெதுவாகக் குலுங்கியது. "விட்டுட்டா, அண்ணே," என்றாள் பெனிட்டா. "மேல வந்துட்டா. சுத்தி வாங்க."

சுற்றி வரும்போதுதான் அவளை நேராகப் பார்க்க முடியும், படகின் மூக்கு அவளைப் பார்த்துத் திரும்பிவிடுவதால். சிவப்பு ஒரு பொட்டாகத் தெரிந்தது, அசையாமல். விழுந்த பிள்ளை கையைத் தூக்கித் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும், நான் நல்லா இருக்கேன் என்று அதற்கு அர்த்தம், கரையில் சொல்லிக் கொடுத்ததில் பிள்ளைகளுக்குப் பிடித்ததே அதுதான். சிவப்புப் பொட்டிலிருந்து கை எதுவும் முளைக்கவில்லை. ஓட்டுகிறவன் உட்காரும் பக்கத்தில் அவள் வருகிற மாதிரி, கண்ணை எடுக்காமல், படகை மெதுவாக அணைத்துக் கொண்டுவந்தான். இனி இன்ஜினை நிறுத்த வேண்டும். கியரை எடுத்துவிட்டால் போதாது, சாவியையே திருப்பி நிறுத்த வேண்டும், ஏனென்றால் பிள்ளை தண்ணீரில், படகின் அடியில் சுழல்கிற இன்ஜின் விசிறியும் தண்ணீரில், நடுவில் கை தவறுகிற நேரம்தான். மற்ற நாளில் நிறுத்தியிருக்கிறான். ஆனால் அவன் கைக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. கடலில் யாரும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள், அணைந்த இன்ஜின் மறுபடி பிடிக்கும் என்று எவனும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை, பிடிக்காமல் போய் நீரோட்டத்தில் அடித்துப்போனவர்களின் பேர் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த இன்ஜின் காலையில் இருமிய இருமல் வேறு. நிறுத்தி, பிடிக்காமல் போனால், தண்ணீர் பாலத்துக்கு இழுக்கும், காற்று பாலத்துக்குத் தள்ளும், தூணில் சிப்பி, பிளேடு மாதிரி சிப்பி. நிறுத்தாமல் போனால், படகுக்கு அடியில் விசிறி, அலை ஒன்று அவளை லேசாகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டால். சிப்பி. விசிறி. சிப்பி. எந்தப் பக்கம் யோசித்தாலும் யோசனை அவள் தோலில் போய் முடிந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நிறுத்தலாம், இன்னும் கொஞ்சம், ஆனால் எவ்வளவு கிட்டே என்பது எவ்வளவு கிட்டே. கண்ணுக்குள் விசிறி சுற்றியது. அவன் சாவியைத் திருப்பிவிட்டான்.

சீக்கிரமே திருப்பிவிட்டான். பெனிட்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். இன்ஜின் நின்றதும் உலகத்தில் இத்தனை சத்தம் இருந்ததா என்று இருந்தது, படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம், பாலத்து மேல் லாரியின் சத்தம், எங்கேயோ ஒரு கொக்கு. அவளுக்கும் படகுக்கும் நடுவே பச்சைத் தண்ணீர் ஒரு முற்றம் அளவுக்குக் கிடந்தது, காற்று படகைத் தள்ளத் தள்ள முற்றம் பெரிதாகிக்கொண்டு போனது. "பாப்பா," என்றான். சிவப்பு ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது. "பாப்பா." திரும்பினாள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான், மூக்கைச் சிந்துவதற்குத்தான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், அப்புறம் ஞாபகம் வந்தவளாகக் கையைத் தூக்கித் தலையைத் தட்டிக் காட்டினாள். அவன் கை மறுபடி சாவிக்குப் போனது, ஒரே ஒரு தள்ளு, கிட்டே போய்விடலாம். "சாவியத் தொடாதீங்க, அண்ணே," என்றாள் பெனிட்டா, குரலை உயர்த்தாமல், கயிற்றை உள்ளே வாங்கிக்கொண்டே. "நான் கைப்பிடிய வீசுறேன். நீங்க வந்து இழுங்க." முதல் வீச்சு குறைந்துபோனது. இரண்டாவதைச் சஸ்மிதா எட்டிப் பிடித்துக்கொண்டாள். தேசிங்கு படகின் பின்பக்கம் வந்து காலை ஊன்றிக் கயிற்றை வாங்கினான், கைக்கு மேல் கை, பெரியவலை இழுக்கிற இழுப்பு, மறுமுனையில் அவள் பல்லைக் காட்டிக்கொண்டு, பலகையை முன்னால் நீட்டிக்கொண்டு, தண்ணீரில் சறுக்கி வந்தாள். பாரமே இல்லை. இடுப்பில் அவன் சுமந்தது இதுவா. ஒரு பெரிய விரால் மீன் இதைவிடக் கனக்கும்.

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்குப்பா அப்டிக் கத்துன?" என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "நீ கயித்த வுடலயே." "வுட்டுட்டேனே. வுழும்போதே வுட்டுட்டேன். நீ கத்துனப்ப நான் தண்ணிக்குள்ள இருந்தேன், கேக்கவே இல்ல, அப்புறமாத்தான் கேட்டுச்சு." அவன் பெனிட்டாவைப் பார்த்தான். "ஆமாண்ணே, உடனே விட்டுட்டா. நீங்க கோலச் சட்டுனு இறக்கிட்டீங்கள்ல, படகு அப்படியே மூக்கக் குத்தி நின்னுட்டு. அந்தப் பாரம்தான்." எத்தனை வருஷம் ஓட்டுகிறான், அது அவனுக்குத் தெரியாதா. தெரியும். இன்றைக்குத் தெரியவில்லை. அவன் இடுப்பு அவனிடம் பொய் சொல்லியிருக்கிறது. வாய் சொன்னால் திருத்திக்கொள்ளலாம், கண் சொன்னால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், இடுப்பே பொய் சொன்னால் அவன் எதை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்து உட்காருவது. "மேல ஏறு பாப்பா," என்று கையை நீட்டினான். அவள் ஏறவில்லை. "இன்னொரு வாட்டிப்பா. திருப்பத்துலதான் வுழுந்தேன். இந்த வாட்டி முட்டிய மடக்கிக்குவேன்." பெனிட்டா அவனைப் பார்த்தாள். அவன் முடிவு என்று விட்டுவிட்டாள். படகு மெதுவாகப் பாலத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது, மூன்று பேரையும் சேர்த்து. வேண்டாம் என்று ஒரு சொல், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அவன் அந்தச் சொல்லை எடுத்தான், எடுத்த சொல் வாயில் திரும்பி வேறாக வந்தது. "பெனிட்டா," என்றான், "நீ ஓட்டு. என்னால ஓட்ட முடியாது. அப்புறம், காலையில இன்ஜின் லேசுல புடிக்கல. உன்கிட்ட சொல்லல." அவள் திட்டுவாள் என்று பார்த்தான். "மொத வேலையா அதப் பாப்போம்," என்று மட்டும் சொன்னாள். "பிடிச்சா பிள்ள நிக்கட்டும். பிடிக்கலன்னா துடுப்ப எடுங்க." பிள்ளையைப் பலகையோடு தூரமாகத் தள்ளி மிதக்கச் சொல்லிவிட்டு, அவள் போய் உட்கார்ந்து, இழுபட்டால் இன்ஜினை நிறுத்திவிடுகிற சிவப்புச் சுருள் வயரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சாவியைத் திருகினாள். இருமியது. மறுபடி திருகினாள். பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அதை முனகவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள், பாலத்தைவிட்டு எதிர்ப்பக்கமாகப் படகைத் திருப்பிக்கொண்டாள், தலையை ஆட்டினாள்.

பின்பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்ததே இல்லை. முதுகு போகிற திசைக்கு, முகம் விட்டுவந்த திசைக்கு. கயிறு தண்ணீரில் பாம்பாக நெளிந்து மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டு போனது, அதன் கடைசியில் சிவப்பு, சிவப்புக்குக் கீழே முகம், முகத்தில் கண், கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்க முடியாததுதான் பயம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பார்க்கிறான், எல்லாவற்றையும் பார்க்கிறான், அவள் தாடை நடுங்குவதை, கைப்பிடியில் விரல் ஒவ்வொன்றாக மூடுவதை, பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்ப்பதை, அவளுக்குப் பின்னால் மணல்திட்டை, திட்டில் ஒரு காக்கையை, எதை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது. கண்ணைச் சிமிட்டினால் அந்தச் சிமிட்டலுக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இத்தனை காலமும் பெனிட்டா இங்கேதான் உட்கார்ந்திருந்தாளா, யார் யார் பெற்ற பிள்ளைகளையோ இப்படிப் பார்த்துக்கொண்டு, இதற்கு நடுவில் சிரித்துக்கொண்டு வேறு. "கயிறு நேராச்சா, அண்ணே?" என்றாள் பெனிட்டா, திரும்பாமல். "ஆச்சு," என்றான். காத்திருந்தார்கள். சஸ்மிதா முட்டியை நெஞ்சோடு சேர்த்தாள். வாய் திறந்தது, "போ." படகு அவனைக் கயிற்றுப் பக்கமாகத் தள்ளியது. தண்ணீர் எழுந்து அவள் முகத்தில் அறைந்தது, வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு இல்லை, எங்கே, இல்லை, வெள்ளைதான். "என்ன ஆச்சு, அண்ணே?" அவன் அந்த வெள்ளைக்குள்ளேயே கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான். "அண்ணே, சொல்லுங்க. எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்." அந்தக் குரலில் இருந்தது அவனுக்குத் தெரிந்த பயம், இத்தனை நேரம் ஓட்டுகிற இருக்கையில் அவன் வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளை கிழிந்தது. கிழிசலுக்குள்ளிருந்து முதலில் முட்டி வந்தது, அப்புறம் சிவப்பு, அப்புறம் கோணலாக, ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி, முழுசாக ஒரு பெண்.

"நிக்கிறா," என்றான். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. "நிக்கிறாம்மா. போ. நேரா போ." பெனிட்டாவின் முதுகு லேசாகத் தளர்ந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை, உப்புத் தண்ணீர் தெறித்துக் கண் எரிந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. "நிக்கிறா," என்றான், "இன்னும் நிக்கிறா," என்றான்.